குற்ற எண் தெரியுமா?

என் சித்தப்பா மகன் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்விலும் உடற்தகுதித் தேர்விலும் தேறிய பிறகு, முன்வரலாற்றைச் சரிபார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்ட படிவத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, 2024ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் வீட்டில் உட்கார்ந்திருந்தான். எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா, உண்டென்றால் காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்றம், வழக்கு எண், முடிவு ஆகியவற்றை எழுதுக என்று அதில் கேட்டிருந்தார்கள். 2016ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழாவின்போது இரண்டு தெருக்காரர்களுக்கிடையே நடந்த அடிதடி வழக்கில் அவனும் ஒருவனாகச் சேர்க்கப்பட்டான் என்பதும், மூன்று ஆண்டுகள் கழித்து "கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு" என்று வக்கீலின் குமாஸ்தா சொன்னார் என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் ஓர் எண்ணோ ஒரு தாளோ எவரிடமும் இல்லை. வக்கீல் காலமாகிவிட்டார், குமாஸ்தா ஊரைவிட்டே போய்விட்டார்.

படிவத்தைத் திருப்பித் தருவதற்கு இருந்த அவகாசத்துக்குள் அந்த வழக்கின் தாள்களைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. நான் வழக்கறிஞன் அல்லன். அலைந்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு கைதையோ குற்ற வழக்கையோ பற்றிய பதிவுகளைத் தேடிப் போகிறவர் எந்த அலுவலகத்தின் எந்தச் சன்னலுக்குச் சென்றாலும் முதலில் காதில் விழுவது ஒரே கேள்விதான்: குற்ற எண் தெரியுமா? அந்த எண் தெரியாதவர் பெயரையும் ஊரையும் எத்தனை முறை சொன்னாலும் எதிரில் இருப்பவரால் ஒரு பதிவேட்டையும் திறக்க முடியாது. பதிவேடுகள் எண் வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

முதல் சிக்கல் கைது என்ற சொல்லிலேயே தொடங்கியது. "என்னைக் கைது செய்யவே இல்லை, ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்" என்று அவன் அடித்துச் சொன்னான். எங்களுக்கு உதவிய இளம் வழக்கறிஞர் சிரித்தார். பிணையில் விடத்தக்க குற்றமாக இருந்தால், காவல் நிலையத்திலேயே கைது செய்ததாகக் காட்டி, பிணைதாரர் கையெழுத்துடன் அங்கேயே விடுவது வழக்கம். பேச்சு வழக்கில் அதற்கு ஸ்டேஷன் பெயில் என்று பெயர். சிறைக்குப் போகாததாலும் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படாததாலும் அது கைது இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஒரு புரிதல் இல்லாமல் படிவத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தால், வழக்கைவிடப் பெரிய பிரச்சினை அந்தச் சொல்லால் வந்திருக்கும்.

கைதுக்கென்று தனித் தாள் உண்டு. 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டளைகளில் ஒன்று, கைது செய்யும் அதிகாரி இடத்திலேயே ஒரு கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும் என்பது. பின்னர் அது குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 41பி என்ற பிரிவாயிற்று. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 36ஆவது பிரிவு. அந்தக் குறிப்பாணை வழக்குக் கட்டில் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போகும். எனவே பழைய கைதைத் தேடுகிறவர் காவல் நிலையத்தில் கைதுப் பட்டியலைத் தேடுவதைவிட, வழக்குக் கட்டைத் தேடுவதே மேல்.

இன்று காலையில் ஒருவரை அழைத்துப் போனார்கள், எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த யோசனை உதவாது. அவருக்கு உதவுவது அந்தப் புதிய சட்டத்தின் வேறு பிரிவுகள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எஸ்.ஐ. (அசிஸ்டன்ட் சப்-இன்ஸ்பெக்டர்) நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும் என்றும், அவை நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்றும் 37ஆவது பிரிவு சொல்கிறது. உறவினருக்கோ நண்பருக்கோ கைதுச் செய்தியை உடனே தெரிவிக்க வேண்டும் என்பது 48ஆவது பிரிவு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவே தரும் உறுதி. ஆகவே நிலையத்தில் பதில் கிடைக்காதபோது, அந்த நிலையம் எந்த நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது என்று கேட்டறிந்து அங்கே போய் நிற்பது வீண் போகாது. விடுமுறை நாளானால் எந்த நடுவர் பொறுப்பில் இருக்கிறார் என்பதை அந்த நீதிமன்ற வளாகத்து வக்கீல்கள் சொல்வார்கள். பணமில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற உதவி எண் நாடு முழுவதற்கும் பொதுவானது.

எங்கள் தேடலுக்கு வருகிறேன். முதல் தகவல் அறிக்கையை, அதாவது எல்லோரும் எஃப்.ஐ.ஆர். என்று சொல்லும் தாளை, இணையத்திலேயே எடுத்துவிடலாம் என்று நம்பினேன். நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 2016 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில், முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றும், இணைய வசதிக் குறைவு போன்ற காரணங்கள் இருந்தால் அந்த அவகாசம் 72 மணி நேரம் வரை நீளலாம் என்றும் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள், தீவிரவாதம் போன்ற உணர்வுபூர்வமானவை மட்டும் விலக்கு. அந்த விலக்கையும் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறைந்தவர் முடிவு செய்யக் கூடாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண் ஆகியவற்றைக் கொடுத்து அறிக்கையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆனால் உத்தரவு நடைமுறைக்கு வந்த நாள் 2016 நவம்பர் 15. எங்கள் திருவிழா அதற்கு ஆறு மாதம் முந்தியது. தேடிப் பார்த்தும் அறிக்கை அங்கே கிடைக்கவில்லை.

அதே பக்கத்தில் சி.எஸ்.ஆர். நிலையை அறியும் வசதியும் இருப்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. புகார் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தரும் ரசீதுதான் சி.எஸ்.ஆர்.; அதில் உள்ள எண் குற்ற எண் அன்று. "கேஸ் போட்டாச்சு, ரசீது கொடுத்துட்டாங்க" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் கையில் வைத்திருப்பது இந்த ரசீதைத்தான். அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வழக்கைத் தேடினால் கிடைக்காது, ஏனெனில் வழக்கே பதிவாகியிருக்காது.

குற்ற எண்ணை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நேரே காவல் நிலையத்துக்குப் போனோம். இத்தகைய காரியத்துக்கு ஆய்வாளரைப் பார்க்கக் காத்திருப்பதில் பயனில்லை. நிலைய எழுத்தர், அதாவது ரைட்டர்தான் பதிவேடுகளின் உண்மையான காவலர். எங்களைப் பார்த்த ரைட்டர் பழைய ஏடுகள் பரணில் கிடக்கின்றன, இப்போது எடுக்க முடியாது என்றார். மூன்றாம் முறை போனபோதும் அதே பதில். சலிப்பில் அவன் ஒரு தவறு செய்தான்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், வழக்கின் தீர்ப்பு நகலைக் கேட்டு நீதிமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினான். நகல் வேண்டுமானால் நீதிமன்ற விதிகளின்படி நகல் மனு போட்டுப் பெற்றுக்கொள்க என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலில் குற்றம் காண முடியாது. 2020 மார்ச் 4 அன்று குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்றக் கோப்புகளின் நகல்களைப் பெற உயர் நீதிமன்ற விதிகளிலேயே வழி இருக்கும்போது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்க முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டது.

காவல்துறையின் கதை வேறு. காவல்துறை பொது அதிகார அமைப்பு. அதனிடம் தகவல் கேட்க அந்தச் சட்டம் நன்றாகவே உதவும், கேட்கும் முறை சரியாக இருந்தால். இரண்டாவது மனுவை வழக்கறிஞர் எழுதித் தந்தார். எல்லா ஆவணங்களின் நகலும் வேண்டும் என்று கேட்காமல், இன்ன காவல் நிலையத்தில் 2016 ஏப்ரல் 10 முதல் மே 31 வரை, என் பெயரும் தந்தை பெயரும் முகவரியும் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, சேர்க்கப்பட்ட வழக்கின் குற்ற எண், பதிவு நாள், சட்டப் பிரிவுகள், இறுதி அறிக்கை எந்த நீதிமன்றத்தில் எந்த நாளில் தாக்கலாயிற்று என்ற நான்கு விவரங்களை மட்டும் கேட்டது அந்த மனு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சட்டம் தரும் கெடு 30 நாள். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது, நான்கு விவரங்களுடன். தன்னைப் பற்றிய தகவலைத் தானே கேட்டதாலும், விசாரணை எப்போதோ முடிந்துவிட்டதாலும் மறுக்கக் காரணம் ஏதும் இருக்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் விசாரணையைப் பற்றிக் கேட்டால், விசாரணைக்கு இடையூறு என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அப்போதும் விசாரணை நடக்கிறது என்ற ஒன்றே போதாது, தகவலைத் தருவதால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லியிருக்கிறது.

பின்னாளில் யோசித்தபோது, இத்தனை சுற்றுக்கும் அவசியம் இருந்திருக்காது என்று தோன்றியது. வழக்கு பதிவான காலத்திலேயே நகலை வாங்கி வைத்திருந்தால் போதும். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது பழைய சட்டத்தில் 154(2) பிரிவு. புதிய சட்டத்தின் 173ஆவது பிரிவு பாதிக்கப்பட்டவரையும் அதில் சேர்த்திருக்கிறது. எதிரியாகச் சேர்க்கப்பட்டவர் கண்காணிப்பாளரிடம் விண்ணப்பித்தால் 24 மணி நேரத்திலும், நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் இரண்டு வேலை நாள்களிலும் நகல் தரப்பட வேண்டும் என்று மேலே சொன்ன 2016 உத்தரவிலேயே இருக்கிறது. காவல் நிலையம் மட்டுமே அந்த அறிக்கை இருக்கும் இடம் என்று எண்ண வேண்டாம். அது பதிவான கையோடு நடுவர் நீதிமன்றத்துக்கும் போய்ச் சேர்கிறது.

குற்ற எண் கைக்கு வந்தபின் தேடல் வேகமெடுத்தது. நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் நாடெங்கும் உள்ள மாவட்ட, வட்ட நீதிமன்ற வழக்குகளைத் தேடலாம். அதில் வழக்காடிகளின் பெயரைக் கொண்டு தேடும் வசதியைத்தான் எல்லோரும் முதலில் அழுத்துவார்கள். நானும் அழுத்தினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் பிறகு விளங்கியது. அவன் நான்காம் எதிரி. தரவேற்றியவர் முதல் எதிரியின் பெயரை மட்டும் இட்டு, மற்றவர்களை "மற்றும் ஐவர்" என்று முடித்துவிட்டிருந்தார். தவிர, நம் பெயர்கள் அங்கே ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. செந்தில் என்ற பெயரில் வரும் தகரத்துக்கு ஒருவர் ஓர் எழுத்து போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். முன்னெழுத்து பெயருக்கு முன்னே வருமா பின்னே வருமா என்பது அன்றைய தட்டச்சரின் விருப்பம். ஆகவே பெயரால் தேடிக் கிடைக்காததை வைத்து வழக்கே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. அதே பக்கத்தில் காவல் நிலையத்தையும் குற்ற எண்ணையும் ஆண்டையும் கொடுத்துத் தேடும் வழி இருக்கிறது. அதில் கொடுத்ததும் ஒரு நொடியில் வழக்கு வந்து நின்றது: 2017ஆம் ஆண்டின் சி.சி. எண், இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1) ஆகிய பிரிவுகள், 2019இல் முடிவுற்றது.

சி.சி. முதலிய சுருக்கங்களைப் பார்த்து மிரளத் தேவையில்லை. நடுவர் நீதிமன்றத்தில் கோப்புக்கு எடுக்கப்பட்ட வழக்கு சி.சி.; சுருக்க விசாரணைக்குரிய சிறு வழக்கு எஸ்.டி.சி.; செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டிய கொலை போன்ற பெருங்குற்றம் நடுவரிடம் இருக்கும்வரை பி.ஆர்.சி., அங்கே போய்ச் சேர்ந்தபின் எஸ்.சி. இதனால் ஒரே வழக்குக்கு வாழ்நாளில் மூன்று எண்கள் அமைவதுண்டு, காவல் நிலையத்தின் குற்ற எண்ணையும் சேர்த்து. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி தரும் சி.என்.ஆர். என்ற 16 இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலத்துக்கும், அடுத்த இரண்டு மாவட்டத்துக்கும், அடுத்த இரண்டு எண் அந்த நீதிமன்ற வளாகத்துக்கும், கடைசி நான்கு ஆண்டுக்கும் உரியவை. அந்தக் குறியீட்டைக் குறித்து வைத்துக்கொள்பவர் மறுமுறை எதையும் தேட வேண்டியதில்லை.

இணையத்தில் குற்ற எண்ணைக் கொடுத்தும் வழக்கு வரவில்லையென்றால் இரண்டு வாய்ப்புகளை நினைக்க வேண்டும். குற்றப்பத்திரிகை இன்னும் நீதிமன்றத்துக்கு வராமலோ, வந்தும் எண்ணிடப்படாமலோ கிடக்கலாம். அல்லது புகாரில் உண்மையில்லை, மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று காவல்துறையே முடித்து அறிக்கை அனுப்பியிருக்கலாம். பின்னதில் புகார்தாரருக்கு அறிவிப்பு போகும். எதிரியாகச் சேர்க்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. முதல் தகவல் அறிக்கை மட்டும் இணையத்தில் அப்படியே நிற்கும். யாரேனும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இவர்மேல் வழக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

நகல் வாங்கும் படலம் ஓர் தனி உலகம். இ-கோர்ட்ஸில் தீர்ப்பைத் தரவிறக்க முடிந்தாலும், அந்தப் பிரதியை எந்த அலுவலகமும் ஆவணமாக ஏற்பதில்லை. சான்றிட்ட நகல்தான் வேண்டும். நகல் மனுவில் வழக்கு எண், தரப்பினர், முடிவான நாள், எந்த ஆவணம் வேண்டும் என்பவற்றை எழுதி, கட்டண வில்லை ஒட்டி, நீதிமன்றத்தின் நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்தபோது, கட்டு இங்கே இல்லை, ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டது என்றார்கள். ரெக்கார்டு ரூமில், அந்தக் காவல் நிலையத்தின் எல்லை இடையில் திறக்கப்பட்ட புதிய நடுவர் நீதிமன்றத்துக்கு மாறிவிட்டதால் பழைய கட்டுகளும் அங்கே போயிருக்கலாம் என்றார்கள். புதிய நீதிமன்றத்தில் அப்படியொன்றும் வரவில்லை என்றார்கள். எவர்மேலும் பழி சொல்லிப் பயனில்லை. மூன்று இடத்திலும் ஆள்கள் குறைவு, கட்டுகள் ஏராளம். கடைசியில், முடிவுற்ற வழக்குகளின் பதிவேட்டில் எங்கள் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் எழுதியிருந்த கட்டு எண்ணை ஒரு மூத்த எழுத்தர் கண்டுபிடித்தார். அது முதலில் கேட்ட அதே அறையில், வேறோர் ஆண்டின் அடுக்கில் இருந்தது. பழைய கட்டுகள் குறித்த காலத்துக்குப் பிறகு அழிக்கப்படுவதுண்டு என்பதால், அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை விவரிக்க இயலாது.

கட்டு கிடைத்தபின் பக்கத்தைக் கணக்கிட்டு, நகலுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். தினமும் பலகையைப் பார்க்க வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்போதுதான் தெரியும். நகலின் பின்பக்கத்தில் மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று ஐந்து தேதிகள் முத்திரையுடன் இருக்கும். மேல்முறையீட்டுக் காலத்தைக் கணக்கிடும்போது நகலுக்காகச் செலவான நாள்களைக் கழிப்பதற்கு அந்தத் தேதிகள்தாம் ஆதாரம். எங்களுக்கு அவை அலைச்சலின் நாட்குறிப்பாக மட்டுமே பயன்பட்டன.

வழக்கில் தரப்பினராக இல்லாதவர் கேட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நிருபர்களும், வீடு வாடகைக்கு விடுபவர்களும், சம்பந்தம் பேசுபவர்களும்கூட. தீர்ப்பாலோ உத்தரவாலோ பாதிக்கப்படும் எவரும் கட்டணம் செலுத்தி அதன் நகலையும் வழக்குக் கட்டின் பிற பகுதிகளையும் பெறலாம். பாதிக்கப்படாத பிறருக்குத் தீர்ப்பு, உத்தரவு நகல்களைக் கொடுப்பது உயர் நீதிமன்றம் வகுக்கும் விதிகளைப் பொறுத்தது. பழைய சட்டத்தில் 363ஆவது பிரிவு, இப்போது 404. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். வெளியாள் கேட்டால் எதற்காக என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து நீதிபதியின் அனுமதி பெற வேண்டியிருக்கும். குற்றப்பத்திரிகையை வெளியாள் கேட்பது இன்னும் கடினம். அதன் நகலை எதிரிக்கு, அவர் நீதிமன்றத்தில் தோன்றிய 14 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும் என்று 230ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது பொது ஆவணம் அன்று, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

சில கதவுகள் மூடியே இருப்பது நல்லது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 18 வயது நிரம்பாதவர் சம்பந்தப்பட்ட வழக்கில் பெயரையோ பள்ளியையோ வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலான இளஞ்சிறார் வழக்குகளில் முடிவின் பதிவுகளே பிற்பாடு அழிக்கப்பட வேண்டும், அதனால் அவருக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்பது அதன் 24ஆவது பிரிவு. திருவிழா நாளில் என் தம்பிக்கு 18 வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. அந்த நான்கு மாதத்தை நினைத்து நான் பலமுறை பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்புகளிலிருந்து நீக்கலாமா என்ற கேள்வி இன்னும் முடிவாகவில்லை. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அதற்கு இடம்தரும் சட்டம் இல்லை என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றிப் பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. பெயர் மறைக்கப்படும் காலம் வரும்வரை, இணையத்தில் ஒருவரைப் பற்றித் தேடுபவர் பெயர் ஒற்றுமையால் ஏமாறாமல் இருப்பது தேடுபவரின் பொறுப்பு. தந்தை பெயர், வயது, முகவரி மூன்றும் ஒத்துவராமல் ஒரு வழக்கை ஒருவர் தலையில் கட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சம்பந்தம் அப்படித்தான் முறிந்தது, வழக்கு வேறொருவருடையது.

தீர்ப்பு தமிழில் இருந்தது, ஒன்பது பக்கம். முதல் எட்டுப் பக்கங்களில் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்சாட்சியாக மாறியது இருந்தது. வழக்கறிஞர் அவற்றைப் புரட்டாமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார், "சந்தேகத்தின் பலன்" என்ற இரண்டு சொற்களைத் தேடி. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்றொரு விதி உண்டு. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அதன் விளக்கம். ஆகவே காவல் பணிக்குப் போகிறவருக்கு விடுதலை என்ற சொல் மட்டும் போதாது. எந்தச் சொற்களால் விடுதலை என்பது வாழ்க்கையை மாற்றிவிடும். எங்கள் தீர்ப்பின் கடைசிப் பத்தியில், அரசுத் தரப்பு குற்றச்சாட்டை நிரூபிக்கவில்லை, எதிரிகள் குற்றவாளிகள் இல்லை எனத் தீர்மானித்து குற்ற விசாரணை முறைச் சட்டம் 255(1) பிரிவின்படி விடுதலை செய்யப்படுகிறார்கள் என்று மட்டும் இருந்தது. அவர் தேடிய இரண்டு சொற்கள் இல்லை. குமாஸ்தா சொன்ன "தள்ளுபடி" என்ற சொல்லும் எங்குமே இல்லை.

தேர்வு வாரியம் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று வழக்கறிஞர் உறுதி எதுவும் தரவில்லை. மறைப்பதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேசினார்: 2016இல் அவ்தார் சிங் வழக்கில், வழக்கை மறைத்ததையும் பொய்யான தகவல் தந்ததையும் வேலையளிப்பவர் எப்படிப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் விரிவாக வகுத்திருப்பதை எடுத்துச் சொன்னார். சிறு வழக்கானாலும் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார்.

அன்று மாலையே அவன் படிவத்தை மறுபடி விரித்தான். கைது செய்யப்பட்டதுண்டா என்ற இடத்தில் "ஆம், காவல் நிலையப் பிணையில் விடுவிக்கப்பட்டேன்" என்று எழுதினான். அடுத்த கட்டங்களில் குற்ற எண், சி.சி. எண், நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்பு நாள் ஆகியவற்றைச் சான்றிட்ட நகலைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக எழுதினான். முடிவு என்ற கட்டத்தில் இடம் போதவில்லை. தனித் தாளில் கடைசிப் பத்தியை அப்படியே படியெடுத்து, நகலுடன் சேர்த்து ஊக்குக் குத்தினான். கூடுதலாக வாங்கிய இன்னொரு நகல், அவனுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருக்கும் நெகிழி உறையில் இருக்கிறது.